இல்லத்துக்கு வெளியே ஒரு காது: பராமரிப்பு நிறுவனங்களில் குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமையும் அதன் தடுப்பும்

குழந்தைப் பராமரிப்பு நிறுவனம் என்னும் சொல் இந்தியச் சட்டத்தில் குறுகிய பொருளிலும் ஆய்வு நூல்களில் அகன்ற பொருளிலும் வழங்குகிறது. 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம், பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளுக்கான இல்லங்களையும் சட்டத்தோடு முரண்பட்ட சிறாருக்கான இல்லங்களையும் இச்சொல்லால் குறிக்கிறது; ஆய்வாளர்களோ பெற்றோரின் கண்ணுக்கு அப்பால், பகலிலோ இரவிலோ, குழந்தையின் உடலுக்கும் உணவுக்கும் உறக்கத்துக்கும் வேறொருவர் பொறுப்பேற்கும் எல்லா இடங்களையும் இதில் அடக்குகின்றனர். மைசூரு போன்ற ஒரு நகரில் இந்த அகன்ற பொருளுக்குள் அரசின் பால மந்திரமும், அங்கன்வாடியும், வேலைக்குச் செல்லும் தாய்மார் நாடும் குழந்தைகள் காப்பகமும், ஊராட்சிகளில் 2023 முதல் கர்நாடக அரசு தொடங்கிவரும் ‘கூசின மனெ’ எனும் மழலையர் இல்லமும், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்புப் பள்ளியும், மடங்களும் சாதிச் சங்கங்களும் ஏழை மாணவர்க்காக நடத்திவரும் இலவச விடுதிகளும் ஒருங்கே வந்துவிடுகின்றன. இவ்விடங்களில் நிகழும் பாலியல் வன்கொடுமையைப் பற்றிய ஆய்வுகள் பல நாடுகளில் நாற்பது ஆண்டுகளாகச் சேர்ந்துள்ளன. அவற்றைத் தொகுத்துப் பார்க்கும்போது ஒரு செய்தி மற்றவற்றைவிட அழுத்தமாகத் தெரிகிறது: குழந்தையின் சொல், அந்த நிறுவனத்தின் தலைமையைக் கடக்காமலேயே வெளியே சென்றுசேர ஒரு வழி இருக்கும் இடத்தில்தான் மற்றப் பாதுகாப்புகள் பயன்தருகின்றன. இவ்வுரை அந்த வழியைப் பற்றியது.

இந்தியாவில் இந்தக் கொடுமையின் பரப்பு நெடுங்காலம் ஊகத்துக்கே விடப்பட்டிருந்தது. மத்திய மகளிர் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வு, அவர்களில் 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகக் கூறியதைப் பதிவு செய்தது. குடும்பத்தில் இருப்பவர், பள்ளியில் படிப்பவர், வேலை செய்பவர், தெருவில் வாழ்பவர், இல்லங்களில் வளர்பவர் என ஐந்து வகைக் குழந்தைகளை அது தனித்தனியே கேட்டறிந்தது. கொடுமை செய்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் குழந்தைக்கு முன்பே அறிமுகமானவர்கள், நம்பிக்கைக்கும் பொறுப்புக்கும் உரிய இடத்தில் இருந்தவர்கள் என்பதும், பெரும்பாலான குழந்தைகள் எவரிடமும் வாய் திறக்கவில்லை என்பதும் அதன் முடிவுகள். அதற்கு முந்தைய ஆண்டில் சென்னையின் ‘துளிர்’ அமைப்பு 2,211 பள்ளிக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில் 42 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைக் கொடுமையைக் கூறியிருந்தனர். அதில் சிறுவர் 48 விழுக்காடு, சிறுமியர் 39 விழுக்காடு. பெண் குழந்தையைக் காப்பாற்றினால் போதும் என்று கருதி ஆண்பிள்ளைகள் விடுதியைக் கண்காணிப்பின்றி விட்டுவிடும் வழக்கம் இன்றும் நீடிக்கிறது. அந்த எண்களைப் படித்தபின் அவ்வழக்கத்துக்கு எந்த நியாயமும் மிஞ்சுவதில்லை.

கொடுமை எவ்வாறு நிகழ்கிறது என்பதற்கு அமெரிக்கச் சமூகவியலாளர் டேவிட் ஃபிங்கல்ஹோர் 1984இல் முன்வைத்த விளக்கம் இன்றும் ஆய்வாளர்களுக்கு அடிப்படையாக உள்ளது. குழந்தை மீது பாலியல் நாட்டம் ஒருவருக்கு இருக்க வேண்டும். அதைத் தடுக்கும் மனச்சான்றை அவர் கடக்க வேண்டும். சூழலில் உள்ள புறத்தடைகளைத் தாண்ட வேண்டும். இறுதியில் குழந்தையின் எதிர்ப்பையும் மீற வேண்டும். இந்நான்கும் நிறைவேறினால்தான் குற்றம் நிகழும் என்பதால் இவை நான்கு முன்நிபந்தனைகள் எனப்படுகின்றன. முதலிரண்டும் ஒருவரின் உள்ளத்துக்குள் நடப்பவை. நிறுவனம் அவற்றை எளிதில் அறிய முடியாது. நான்காவது, மூன்று வயதுக் குழந்தையிடம் எதிர்பார்க்கத் தகாதது. மூன்றாவதான புறத்தடை மட்டுமே முழுக்க முழுக்கப் பெரியவர்களின் கையில் உள்ளது. இருந்தும், தடுப்பு என்ற பெயரில் செலவாகும் உழைப்பில் பெரும்பகுதி நான்காவதற்கே, அதாவது குழந்தையே தன்னைக் காத்துக்கொள்ளப் பயிற்சி தருவதற்கே போகிறது. இந்தத் தலைகீழ் முறையைத் திருத்தியாக வேண்டும்.

ஃபிங்கல்ஹோர் தம் உடனாய்வாளர்களுடன் 1988இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு பகல்நேரக் காப்பகங்களை நேரடியாக எடுத்துக்கொண்டது. 1983 முதல் 1985 வரை அமெரிக்காவில் 270 காப்பகங்களில் 1,639 குழந்தைகள் பாதிக்கப்பட்டதாக அதிகாரிகள் உறுதிசெய்த நிகழ்வுகளை அது ஆராய்ந்தது. காப்பகத்தில் சேர்ந்த 10,000 குழந்தைகளில் 5.5 பேர் பாதிக்கப்பட, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சொந்த வீட்டில் பாதிக்கப்பட்டவர்கள் 10,000க்கு 8.9 பேர் என்று அது மதிப்பிட்டது. ஆகவே காப்பகத்தைக் கண்டு தாய்மார் அஞ்சி வேலையை விட வேண்டியதில்லை. ஆனால் நிகழ்வுகளில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு கழிப்பறையை ஒட்டியே நடந்திருந்தன. குழந்தையின் ஆடையைக் களைவதற்கு இயல்பான காரணம் உள்ள இடம், கதவு உள்ள இடம், பெரியவர் ஒருவர் குழந்தையோடு தனியே சென்றாலும் எவரும் ஏனென்று கேளாத இடம் அது. குற்றம் செய்தவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் பெண்கள் என்பதும், காப்பகம் நடத்துவோரின் கணவர், மகன் போன்ற உறவினர் கணிசமாக இருந்தனர் என்பதும் அந்த ஆய்வு தந்த எச்சரிக்கைகள். பணியாளர் பட்டியலில் பெயரே இல்லாமல் வளாகத்துக்குள் நடமாடும் உறவினரைப் பற்றியும் நமது சோதனைப் படிவங்கள் கேட்க வேண்டும். ஆய்வின் முடிவு எளிய கட்டுமான மாற்றத்தைச் சுட்டியது: கழிப்பறையில் அறையை மறைக்கும் முழுக்கதவு வேண்டாம், குழந்தையின் மானத்தை மறைக்கும் அரைத் தடுப்பு போதும், துணைக்குச் செல்லும் ஆயாவை மற்றோர் ஆயா இருந்த இடத்திலிருந்தே காண முடிய வேண்டும். மனிதரின் குணத்தை மாற்ற முயல்வதற்கு முன் இடத்தை மாற்றும் இம்முறைக்குச் சூழ்நிலைத் தடுப்பு என்று பெயர். புதிதாகக் கட்டப்படும் மழலையர் இல்லங்களில் இதற்குத் தனிச் செலவு எதுவும் இல்லை; வரைபடம் வரையும்போது ஒருவர் நினைத்துப் பார்த்தால் போதும்.

இரவு தங்கும் இல்லங்களின் வரலாறு இதைவிடக் கசப்பானது. கோவாவின் மட்காவ் நகரில் ‘குருகுலம்’ என்ற பெயரில் சிறுவர் இல்லம் நடத்திய ஃபிரெடி பீட்ஸ் 1991இல் கைதாகி 1996இல் ஆயுள் தண்டனை பெற்றார். மும்பையில் ‘ஆங்கரேஜ்’ இல்லங்களை நடத்திய பிரித்தானியர் இருவர் மீதான வழக்கில் 2006இல் தண்டனை விதிக்கப்பட்டு, உயர் நீதிமன்றம் 2008இல் அவர்களை விடுவித்து, 2011 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தண்டனையை மீண்டும் உறுதி செய்தது. இவ்விரண்டிலும் குற்றவாளிகள் கூலிக்கு வந்த காவலாளிகளோ சமையற்காரர்களோ அல்லர். இல்லத்தை நடத்தியவர்கள், ஊராரால் தரும சிந்தை உள்ளவர்கள் எனப் போற்றப்பட்டவர்கள். ஆய்வாளர் ‘வசப்படுத்துதல்’ என்று குறிப்பிடும் செயல், அதாவது தின்பண்டமும் தனிச் சலுகையும் இரகசியமும் கொடுத்துக் குழந்தையைப் படிப்படியாக இசையவைக்கும் செயல், குழந்தையோடு நிற்பதில்லை. நன்கொடையாளர், அதிகாரி, உடன் பணிபுரிவோர், பெற்றோர் ஆகிய அனைவரையும் அது வசப்படுத்துகிறது. அவ்வாறு வசப்பட்ட ஊரில் குழந்தை வாய் திறந்தாலும் கேட்பவர் கிடைப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் நிறுவனங்களின் பொறுப்பை ஆராய்ந்து 2017 டிசம்பரில் 17 தொகுதிகளாக அறிக்கை தந்த அரச ஆணையத்திடம் பேசியவர்களுக்கு, நேர்ந்ததை முதன்முதலில் இன்னொருவரிடம் சொல்லச் சராசரியாக 23.9 ஆண்டுகள் ஆகியிருந்தன.

தமிழ் வாசகர் அறியவேண்டிய வழக்கு ஒன்று இங்கு உண்டு. மாமல்லபுரத்தில் ஆதரவற்றோர் இல்லக் குழந்தைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளாவதாக வந்த பத்திரிகைச் செய்தியின் அடிப்படையில் 2007இல் உச்ச நீதிமன்றம் சென்ற வழக்கு, பத்தாண்டுக்குப் பின் 2017 மே 5 அன்று நீதியரசர்கள் மதன் லோகூர், தீபக் குப்தா அமர்வின் தீர்ப்பாக நாடு முழுமைக்கும் விரிந்தது. எல்லா இல்லங்களும் அவ்வாண்டு முடிவுக்குள் பதிவு செய்யப்பட வேண்டும், ஆய்வுக்குழுக்கள் செயல்பட வேண்டும் என்றது தீர்ப்பு. அதே காலத்தில் அமைச்சகம் எடுத்த கணக்கெடுப்பு 9,589 இல்லங்களில் ஏறத்தாழ 3.7 லட்சம் குழந்தைகள் இருப்பதைக் கண்டது. கணக்கெடுத்த வேளையில் அவற்றில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி பதிவு பெற்றிருந்தன.

ஆயினும் பதிவும் ஆய்வும் தாமாகவே காப்பதில்லை என்பதைப் பீகாரின் முசாபர்பூர் காட்டியது. டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் ‘கோஷிஷ்’ குழு அம்மாநில அரசின் வேண்டுகோளின்பேரில் 110 நிறுவனங்களைச் சமூகத் தணிக்கை செய்து 2018 ஏப்ரலில் அறிக்கை அளித்தது. சமூகத் தணிக்கை என்பது வரவு செலவையும் பதிவேட்டையும் சரிபார்ப்பதோடு நில்லாமல், அந்த நிறுவனம் யாருக்காக நடக்கிறதோ அவர்களிடமே அதன் நிலையைக் கேட்டறியும் முறை. குழுவினர் பணியாளர் இல்லாத நேரத்தில் குழந்தைகளோடு அமர்ந்து பேசினர். அதிகாரிகள் பலமுறை வந்துபோன முசாபர்பூர் சிறுமியர் இல்லத்தில் எவரும் காணாத பாலியல் வன்கொடுமை அப்போது வெளிப்பட்டது. இல்லம் நடத்துநரின் வீட்டையும் செய்தித்தாள் அலுவலகத்தையும் ஒட்டியே அமைந்திருந்தது. வழக்கு தில்லிக்கு மாற்றப்பட்டு, 2020 ஜனவரியில் 19 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. நடத்துநர் பிரஜேஷ் தாக்கூருக்கு வாழ்நாள் முழுதும் சிறை விதிக்கப்பட்டது. தண்டிக்கப்பட்டவர்களுள் குழந்தைகள் நலக்குழுவைச் சேர்ந்தவர்களும் மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகின் அலுவலரும் இருந்தனர் என்பது இந்த வழக்கின் மிகக் கொடிய பகுதி. குழந்தைகள் நலக்குழு என்பது குழந்தையை எந்த இல்லத்தில் சேர்ப்பது, எப்போது மீட்பது என்று முடிவு செய்யும் சட்டபூர்வ அமர்வு. காக்க அமர்த்தப்பட்ட அந்த வெளிக்கண்ணே உள்ளாளாகிப் போனால் குழந்தைக்கு வேறு புகலிடம் இல்லை. அதனால்தான் சோதிப்பவர் ஒரே ஊரில், ஒரே இல்லத்தைப் பல்லாண்டு சோதிக்கும் ஏற்பாடு ஆகாது என்பதும், மாநிலத்துக்கு வெளியே உள்ள கல்வி நிறுவனம் ஒன்றின் இளம் ஆய்வாளர்களால் இயன்றது உள்ளூர் அதிகாரிகளால் இயலாமற் போனதற்குத் திறமைக் குறைவு காரணமன்று என்பதும் கவனிக்கத்தக்கவை.

மைசூரு இந்த வரலாற்றில் இடம்பெறுவது புகார் வந்துசேர்ந்த ஊராக. 2022 ஆகஸ்டில், சித்ரதுர்காவின் மடம் ஒன்றுக்குரிய விடுதியில் தங்கிப் பயின்ற மாணவியர், மைசூருவில் முன்னாள் பத்திரிகையாளர்களான ஸ்டான்லியும் பரசுராமும் நிறுவிய ‘ஒடநாடி’ சேவை அமைப்பை அணுகினர். அவர்களின் கூற்று குழந்தைகள் நலக்குழு வழியாக நசர்பாத் காவல் நிலையத்தில் ஆகஸ்ட் 26 அன்று வழக்காகிப் பின்னர் சித்ரதுர்காவுக்கு மாற்றப்பட்டது. மடாதிபதி செப்டம்பர் 1 அன்று கைது செய்யப்பட்டார். முதல் வழக்கில் 2025 நவம்பரில் சித்ரதுர்கா நீதிமன்றம் அவரை விடுவித்தது. குற்றம் நடந்ததா என்பது நீதிமன்றத்துக்கு உரிய கேள்வி. இவ்வுரை அதனுள் செல்லவில்லை. தடுப்பைப் பற்றிச் சிந்திப்போர்க்குத் தேவையானது அந்தப் புகார் நடந்துவந்த தூரம். உண்மையோ பொய்யோ, ஒரு குழந்தை தன் விடுதித் தலைமைமீது குற்றம் சொல்ல விரும்பினால் அதைச் சொல்ல இருநூறு கிலோமீட்டருக்கு மேல் கடந்து வேறோர் ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது. புகார் கூறப்படுபவரின் நற்பெயரையும் காக்கக்கூடியது, தொடக்கத்திலேயே நடுநிலையாக விசாரிக்கும் அருகிலுள்ள ஓர் அமைப்பே. கர்நாடகத்தில் தலைமுறை தலைமுறையாக ஏழைப் பிள்ளைகள் படித்து மேலே வந்ததில் இலவச விடுதிகளுக்கு உள்ள பங்கு பெரிது. அந்த நன்றியுணர்வே கேள்வி கேட்பதை நன்றிகெட்ட செயலாக ஆக்கிவிடக் கூடாது. சாதாரண மாணவர் விடுதிகள் பெரும்பாலும் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் பதிவுக்குள் வருவதில்லை. ஆனால் போக்சோ எனப்படும் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள், குழந்தைகளைத் தங்கவைக்கும், அல்லது அவர்களோடு தொடர்ந்து பழகும் எந்த நிறுவனமும் பணியாளரைக் காவல்துறை மூலம் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும், அவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்கின்றன. விதியின் கை சட்டத்தின் பதிவேட்டைவிட நீளமானது. மாவட்ட நிர்வாகம் அதைப் பயன்படுத்தலாம்.

காவல்துறைச் சரிபார்ப்பின் எல்லையையும் மறக்கலாகாது. முன்பு பிடிபட்டவரை மட்டுமே அது காட்டும். இத்தகைய குற்றம் செய்வோரில் பெரும்பாலோர்மீது முன்வழக்கு எதுவும் இருப்பதில்லை. 2014இல் பெங்களூரின் தனியார் பள்ளி ஒன்றில் நடந்த கொடுமையை அடுத்து எழுந்த மக்கள் கொதிப்பில் கேமரா பொருத்துவதே எல்லோருக்கும் முதல் தீர்வாகத் தோன்றியது. கேமரா நடைபாதையைக் காட்டும். கழிப்பறையில் வைக்க இயலாது, வைக்கவும் கூடாது. கற்பித்தலைப் பொறுத்தவரை, 24 பரிசோதனைகளில் 5,802 குழந்தைகளைக் கொண்டு 2015இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு, பள்ளிப் பாதுகாப்புப் பாடங்கள் குழந்தையின் அறிவை வளர்க்கின்றன என்பதற்குச் சான்று கண்டது. கொடுமையின் அளவு குறைகிறது என்பதற்குச் சான்று காணவில்லை. பாடம் வேண்டாம் என்பது இதன் பொருளாகாது. நடந்ததற்குப் பெயர் தெரிந்த குழந்தை விரைவில் சொல்லும். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் குழந்தை மனநலத் துறையினர் சேகர் சேஷாத்ரியின் வழிகாட்டலில் மழலையருக்கும் வளரிளம் பருவத்தினர்க்கும் தனித்தனியே உருவாக்கிய பயிற்சிகள் இந்த நோக்கில் மதிப்புடையவை.

சொல்லும் குழந்தையிடம் எப்படிக் கேட்பது என்பது தனிக்கலை; அதைத் தவறாகச் செய்ததன் விலையை அமெரிக்கா கலிபோர்னியாவின் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கில் கொடுத்தது. 1983இல் தொடங்கி 1990 வரை நீண்ட அவ்வழக்கில் எவரும் தண்டிக்கப்படவில்லை. குழந்தைகளிடம் பதில் அடங்கிய கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டதை ஒளிப்பதிவுகள் காட்டியதால், உண்மை எது, ஊட்டப்பட்டது எது என்று பிரித்தறியவே முடியாமற் போயிற்று. அதன்பின் வளர்ந்த ஆய்வு, விடையைத் தன்னுள் வைத்திராத திறந்த கேள்வியை வற்புறுத்துகிறது. “அவர் உன்னை இங்கே தொட்டாரா?” என்று கேட்பது குழந்தையை ஆம், இல்லை என்ற இரண்டில் அடைத்துவிடும்; “அன்றைக்கு என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லு கண்ணா” என்று கேட்டு, இடையில் குறுக்கிடாமல், “அப்புறம்?” என்று மட்டும் சொல்லிக் காத்திருந்தால் குழந்தை தன் சொல்லிலேயே சொல்லும். விடுதிக் காப்பாளரும் அங்கன்வாடிப் பணியாளரும் இந்த ஒரு பழக்கத்தையாவது பெற வேண்டும். விசாரிப்பது அவர்கள் வேலையன்று, முதற்சொல்லைக் கெடாமல் காவல்துறைக்கோ சிறப்பு இளஞ்சிறார் காவல் பிரிவுக்கோ சேர்ப்பதே அவர்கள் கடமை. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு இக்கடமையை யாவர்க்கும் விதிக்கிறது. தம் கீழ் உள்ளவர் செய்ததை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு 21ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறை என்கிறது.

இனி, குழந்தையின் சொல் வெளியே செல்லும் அந்த வழியின் மிகச் சிறிய வடிவம் ஒன்று. 2016ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதி மாதிரி விதிகள் ஒவ்வோர் இல்லத்திலும் குழந்தைகளுக்கான ஆலோசனைப் பெட்டி ஒன்று இருக்க வேண்டும் என்கின்றன. அது அலுவலக அறையிலிருந்து விலகி, குழந்தைகள் உறங்கும் அறைகளின் அருகே, அவர்கள் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும். சாவி இல்லப் பொறுப்பாளரிடம் அல்லாமல் மேலாண்மைக் குழுவின் தலைவரிடம் இருக்க வேண்டும். வாரந்தோறும் குழந்தைகள் குழுவினர் முன்னிலையில் திறக்க வேண்டும். தகரப்பெட்டியும் பூட்டுமாக, சில நூறு ரூபாய்க்குள் முடியும் ஏற்பாடு இது. ஓர் இல்லத்தை மதிப்பிடச் செல்பவர் சமையற்கட்டையும் கணக்கேட்டையும் பார்க்கும் முன் இப்பெட்டி எங்கே தொங்குகிறது, சாவி யாரிடம் உள்ளது, கடைசியாக எப்போது திறந்தார்கள் என்று கேட்டாலே அந்த இல்லத்தைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். பெட்டி அலுவலக மேசைக்கு மேலே தொங்கி, சாவி காப்பாளரின் இடுப்பில் இருந்தால் அதில் எந்தக் குழந்தையும் எதையும் எழுதிப் போடாது.

எழுதவும் பேசவும் இயலாத குழந்தைக்கு இப்பெட்டியும் பயனில்லை. மானசகங்கோத்ரியில் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவிப்புலன் நிறுவனம் அமைந்திருப்பதால், நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் காது கேளாத, பேச்சு வளராத குழந்தைகளை அழைத்துக்கொண்டு பெற்றோர் மைசூரு வருகின்றனர். ஆகவே இக்கேள்வி இந்நகருக்குத் தனியே உரியது. அமெரிக்காவின் ஒமாஹாவில் 50,000க்கும் மேற்பட்ட பள்ளிக் குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து சல்லிவனும் நட்சனும் 2000இல் வெளியிட்ட ஆய்வு, ஊனம் உள்ள குழந்தைகள் வன்கொடுமைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றவரைவிட 3.4 மடங்கு என்று கண்டது. குளிப்பாட்டவும் உடை மாற்றவும் பிறரை நம்பியிருப்பதும், சொன்னாலும் நம்பமாட்டார்கள் என்ற துணிவு குற்றவாளிக்கு இருப்பதும் இதன் காரணங்கள். பேச இயலாத குழந்தைகள் விரலால் சுட்டிப் பேசப் பயன்படுத்தும் படப்பலகைகளில் சோறு, தண்ணீர், பந்து, அம்மா என எல்லாம் இருக்கும். உடலின் மறைவிடங்களுக்கான படமும், ‘தொட்டார்’, ‘வலிக்கிறது’, ‘வேண்டாம்’ என்பவற்றுக்கான படமும் பல பலகைகளில் இருப்பதில்லை. படம் இல்லாத சொல்லை அக்குழந்தை சொல்லவே முடியாது. பெரியவர்களின் கூச்சம் அக்குழந்தையின் வாயை இரண்டாம் முறை அடைக்கிறது. பேச்சுப் பயிற்சியாளர்களும் சிறப்பாசிரியர்களும் பலகையைத் தயாரிக்கும்போதே இப்படங்களைச் சேர்க்கலாம். அவை இருப்பதே அருகில் இருப்பவருக்கு ஓர் எச்சரிக்கையாகவும் அமையும்.

அக்குழந்தை வழக்குமன்றம் வரும்போது, அதன் சைகையை அறிந்த சிறப்பாசிரியரையோ, அது தொடர்புகொள்ளும் முறைக்குப் பழகிய ஒருவரையோ துணைக்கு வைத்துக்கொள்ளப் போக்சோ சட்டத்தின் 26, 38ஆம் பிரிவுகள் இடம் தருகின்றன. அத்தகையோரின் பட்டியலை மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகு வைத்திருக்க வேண்டும். சைகைமொழியை முறையாகக் கற்றிராத குழந்தையின் தனிச் சைகைகளை நன்கு அறிந்தவர் பெரும்பாலும் அது வளரும் இல்லத்தின் பணியாளராகவே இருப்பார். புகாரும் அவ்வில்லத்தின் மீதே என்றால், குழந்தையின் சாட்சியம் குற்றம் சாட்டப்பட்டவரின் உடன் ஊழியர் வாய்வழியாகவே நீதிமன்றத்தை அடையும். இதைத் தவிர்க்க ஒரே வழி, எந்தப் புகாரும் இல்லாத சாதாரண நாட்களிலேயே வெளியார் ஒருவர், பேச்சுப் பயிற்சி மாணவரோ சிறப்புக் கல்வி மாணவரோ, ஒவ்வொரு குழந்தையோடும் மாதந்தோறும் சிறிது நேரம் தொடர்ந்து பழகி அதன் சைகைகளைக் கற்றுக் குறித்துவைப்பது. அதற்கு வேண்டிய மாணவர்கள் மைசூருவில் இருக்கிறார்கள்; நகரின் சிறப்புப் பள்ளி விடுதிகளும் அவர்கள் வகுப்பறைகளிலிருந்து தொலைவில் இல்லை.